மாக்னஸ்: அடைமொழி பெயரான வரலாறு

இறந்த பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஸ்கந்தினேவிய நாடுகளாகிய நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகியவற்றிலும் அது பண்டை மரபாகும். அம்மரபை மீறி, ஒரு புலவரின் துணிவினால் பிறந்த ஆண்பாற்பெயர் ஒன்று அங்கே இன்றும் வழங்கி வருகின்றது. மாக்னஸ் என்பதே அப்பெயர்.

இச்சொல் அந்நாட்டு மொழிகளுக்கு உரியதன்று, இலத்தீன் சொல். ‘பெரிய’ என்பது பொருள். கிரேக்கத்தில் ‘மெகாஸ்’ என்பதும், வடமொழியில் ‘மகத்’ என்பதும் இதனோடு ஒரே வேரிற் பிறந்தவை என்பது மொழிநூலார் முடிபு. 800ஆம் ஆண்டில் உரோமாபுரியில் பேரரசராக முடிசூடிய சார்லஸ் மன்னரை இலத்தீனில் ‘கரோலஸ் மாக்னஸ்’, அதாவது பெரிய சார்லஸ், என்றனர். அங்கே மாக்னஸ் அடைமொழியே, இயற்பெயர் அன்று.

அடைமொழி இயற்பெயரானது எங்ஙனம்? 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் அதனைக் கூறுகின்றார். 1024ஆம் ஆண்டளவில், நார்வே அரசர் ஓலாவ் ஹரால்ட்சனுக்கு இரவில் ஓர் ஆண் மகவு பிறந்தது. குழந்தையின் உயிர் ஊசலாடியது. உடனே திருமுழுக்குச் செய்து பெயரிட வேண்டும். அரசரோ உறங்குகின்றார், அவரைத் துயிலெழுப்பலாகாது என்பது கட்டளை. அவைப்புலவர் சிக்வத், வருவது வரட்டும் என்று தாமே மாக்னஸ் எனப் பெயர் சூட்டினார். காலையில் அரசர் சினந்தார். “எம் குலத்தில் இல்லாத பெயரை ஏன் இட்டீர்?” என்றார். உலகில் சிறந்த மனிதராகத் தாம் அறிந்த கார்ல மாக்னஸ் மன்னரின் பெயரையே இட்டதாகப் புலவர் விடையிறுத்தார். அரசரின் சினம் தணிந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. 1030இல் ஓலாவ் போரில் மாண்டார். 1035இல் மாக்னஸ் இளமையிலேயே அரியணை ஏறினார். தந்தையை எதிர்த்தவர்களைப் பழிவாங்கத் தொடங்கினார், குடிகள் குமுறினர். அரசரிடம் எடுத்துரைப்பவர் யார் என்று நண்பர்கள் சீட்டுப் போட்டனர். சீட்டு சிக்வத்தின் பெயருக்கே விழுந்தது. அவர் ஒளிவுமறைவின்றி இடித்துரைத்துப் பாடினார். தமிழ் இலக்கணத்தார் ‘செவியறிவுறூஉ’ எனும் துறை போன்றதே அப்பாடல். அரசர் மனம் மாறினார். பின்னர் ‘நல்ல மாக்னஸ்’ என்று நாடு அவரை வழங்கியது.

அவருக்குப் பின் இப்பெயர் அரச குலத்தில் வேரூன்றியது. நார்வேயில் எழுவர் இப்பெயரோடு ஆண்டனர். ஆறாம் மாக்னஸ் 1274இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வகுத்து, ‘சட்டம் திருத்திய மாக்னஸ்’ எனப் பெற்றார். 1275 முதல் 1290 வரை சுவீடனை ஆண்ட மாக்னஸுக்குக் ‘களஞ்சியப் பூட்டு’ என்பது சிறப்புப் பெயர். வழிச்செல்லும் பிரபுக்கள் உழவரிடம் இலவசமாக உணவும் தீவனமும் கொள்வதைத் தடுத்தமையால் அப்பெயர் வந்தது என்பர்.

நாடுதோறும் இதன் உருவம் திரிந்தது. டென்மார்க்கில் ‘மோகன்ஸ்’, சுவீடனில் ‘மோன்ஸ்’, பின்லாந்தில் ‘மௌனோ’. 1982 முதல் 1994 வரை பின்லாந்தின் அதிபராயிருந்த மௌனோ கொய்விஸ்டோவின் பெயர் இதுவே. அயர்லாந்தின் ‘மக்மானஸ்’ என்னும் குடிப்பெயரும் மாக்னஸின் வழித்தோன்றல் என்று பொருள்படும்.

தமிழர்க்கு இப்பெயர் நன்கு அறிமுகமானது சதுரங்கத்தால். 2013ஆம் ஆண்டு நவம்பரில், சென்னையில், நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் விசுவநாதன் ஆனந்தை 6½–3½ என்ற கணக்கில் வென்று உலக வாகையரானார். அப்பட்டம் 2023 வரை அவரிடம் இருந்தது. அவர் குடிப்பெயரும் ‘கார்லின் மகன்’ என்றே பொருள்படும். ஆக, கார்ல மாக்னஸ் என்னும் பழம்பெயரின் இரு பகுதிகளும் அவர் பெயரில் அமைந்துள்ளன.

முதல் மாக்னஸுக்குப் ‘பெரியவன்’ என்னும் பெயர் பிறந்த இரவிலேயே கிடைத்தது. ‘நல்லவன்’ என்னும் பெயரை அவர் பின்னரே ஈட்டினார். இரண்டிற்கும் காரணமானவர் ஒரே புலவர்.