மனநல ஆலோசகரிடம் போனால் பைத்தியமா?

ஈப்போ வட்டாரத்தில் ஒருவர் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் போதும். "இவரைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று கேலி செய்வார்கள். 1911-இல் அங்கு திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் மக்களின் பயம் மாறவில்லை. அந்தப் பயத்தால்தான் உதவி தேவைப்படும் பலர் வீட்டுக்குள்ளேயே புழுங்குகிறார்கள்.

மனநல மருத்துவர் மருந்து எழுதித் தருவார். உளவியல் ஆலோசகர் மருந்து தருவதில்லை. பேச்சுதான் அவருடைய கருவி. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகராகத் தொழில் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை.

பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்தை விட்டு வந்தவர் வேலையை மட்டுமா இழந்தார்? அண்டை வீட்டாரும் கோயில் திருவிழாவும் விடியற்காலைப் பெரட்டும் சேர்ந்தே போய்விட்டன. இப்படி ஒருவர் ஐம்பது வயதில் அடுக்குமாடி வீட்டில் முடங்கும்போது, 'மனச்சோர்வு' என்று சொல்லமாட்டார். "உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை" என்பார். கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவார். சிலர் குடியில் மறக்கப் பார்ப்பார்கள்.

ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே புத்திமதி சொல்லத் தொடங்கமாட்டார். குறுக்கிடாமல் கேட்பார். வந்தவரை எடை போடாமல் ஏற்றுக்கொள்வதே முதல் சிகிச்சை என்பது அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் காட்டிய வழி. பிறகு கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம் எப்படி என்று விசாரிப்பார். "செத்துவிடலாம் என்று தோன்றியதா?" என்றும் நேராகவே கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மாறாக, அடக்கி வைத்த பாரம் இறங்கும்.

அடுத்து, 1960-களில் ஆரன் பெக் வகுத்த முறை. "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணத்திற்குச் சாட்சி என்ன என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். முப்பது வருடம் பால் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் எப்படி உதவாதவராவார்? கூடவே சின்னச் சின்ன வேலைகளும் உண்டு: காலையில் நடப்பது, வாரம் ஒரு பழைய நண்பரைப் பார்ப்பது, கோயில் வேலையில் கைகொடுப்பது. மனம் தெளிந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்; நடக்க நடக்கத்தான் மனம் தெளியும்.

'செய்வினை' என்று நம்பி வருபவரிடம் ஆலோசகர் வாதாடமாட்டார். வழிபாடு ஆறுதல் தந்தால் தொடரட்டும். ஆனால் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தக்கூடாது என்பதில் உறுதியாக இருப்பார். பேசியது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில்தான் குடும்பத்துக்கோ மருத்துவருக்கோ தெரிவிப்பார்.

முன்பு தற்கொலைக்கு முயன்றவர் குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்கீழ் குற்றவாளி. வழக்குக்குப் பயந்து பல குடும்பங்கள் மூடி மறைத்தன. 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இனி மறைக்கக் காரணமில்லை. அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் சொன்னால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம்.

சர்க்கரை நோய்க்குக் கிளினிக் போக வெட்கப்படாத நாம், மனத்துக்குப் போக மட்டும் ஏன் தயங்க வேண்டும்?