மடி பத்திரமா, ஆசனம் பத்திரமா?

குழந்தைக்குத் தாய் மடியை விடப் பத்திரமான இடம் உலகில் இல்லை என்பார்கள். தரையில் இருக்கும்போது அது சரிதான். ஆகாயத்தில் பறக்கும்போது?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு பெண்மணி பல்லாண்டுகள் விடாமல் கேட்டு வந்தார். அவர் பெயர் ஜேன் பிரௌன். விமானத்தில் தலைமைப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். இந்தக் கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எரிந்துகொண்டிருந்த ஒரு விமானத்தின் அருகே, ஒரு தாயின் அழுகையிலிருந்து வந்தது.

44 நிமிஷங்கள்

1989-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி. டென்வர் நகரிலிருந்து சிகாகோவுக்கு ஒரு பெரிய 'டி.சி. 10' விமானம் பறந்துகொண்டிருந்தது. உள்ளே 296 பேர். திடீரென்று வால் பக்கத்து எஞ்சினின் விசிறிச் சக்கரம் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பவும், ஏற்றவும், இறக்கவும் உதவும் எண்ணெய்க் குழாய்கள் மூன்று தொகுதிகளாக அமைந்திருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற ஏற்பாடு. ஆனால் அன்று மூன்றுமே ஒரே சமயத்தில் செயலிழந்து விட்டன!

விமானி ஆல்பிரட் ஹேன்ஸும் அவருடைய சகாக்களும், இறக்கைகளில் இருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் விமானத்தை ஓட்டினார்கள். பிரயாணியாக வந்திருந்த இன்னொரு விமானியும் ஓடி வந்து கைகொடுத்தார். இப்படி 44 நிமிஷங்கள் போராடி, ஐயோவா மாகாணத்தில் உள்ள சூ சிட்டி விமான நிலையத்தை எட்டிப் பிடித்தார்கள்.

இதற்கிடையே ஜேன் பிரௌன் பிரயாணிகளைத் தயார் செய்துகொண்டிருந்தார். மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் நால்வர் அந்த விமானத்தில் இருந்தனர். அவர்களுக்கென்று ஆசனம் இல்லை, பெல்ட்டும் இல்லை. அவர்களை என்ன செய்வது? அந்நாளைய விதிமுறை சொன்னதையே அவரும் சொன்னார்: "கம்பளியும் தலையணையும் விரித்து, குழந்தைகளைத் தரையில் உங்கள் காலடியில் படுக்க வைத்துப் பிடித்துக் கொள்ளுங்கள்."

விமானம் மணிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதியது. உடைந்தது, தீப்பற்றியது, ஓடுபாதையை ஒட்டியிருந்த மக்காச்சோளக் கொல்லைக்குள் போய் விழுந்தது. 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தது அதிசயம் என்றே உலகம் பேசிற்று.

வெளியே வந்த ஜேன் பிரௌன் கண்ட காட்சி என்ன? ஒரு தாய், எல்லோரும் ஓடி வரும் திசைக்கு எதிராக, எரியும் விமானத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வயதுகூட நிரம்பாத தன் மகனைத் தேடி! ஜேன் அவளைத் தடுத்தார். "நீங்கள் சொன்னபடிதானே தரையில் வைத்தேன்" என்று அவள் கதறினாள். அந்தப் பையன் பிழைக்கவில்லை.

இன்னொரு குழந்தைக்கு வயது 11 மாதம். அது பெற்றோரின் பிடியிலிருந்து எகிறி, சாமான் வைக்கும் மேல் தட்டுக்குள் போய் விழுந்து கிடந்தது. வெளியேறிய பிரயாணி ஒருவர் அழுகுரல் கேட்டுப் புகைக்குள் திரும்பிப் போய் அதைத் தூக்கி வந்தார். அதற்கு ஆயுசு கெட்டி.

எட்டுக் கிலோ 72 கிலோ ஆகும்!

"என் குழந்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேனா?" என்று எந்தத் தாயும் கேட்பாள். பாசத்தில் குறைவில்லை, கையின் பலத்துக்குத்தான் எல்லை உண்டு.

ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நிற்பவர்கள் முன்னால் சாய்வதில்லையா? அதே கதைதான். விமானம் மோதி நிற்கும்போது, பூமியின் ஈர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு வேகம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் எட்டுக் கிலோ குழந்தை 72 கிலோ மூட்டையாக மாறிவிடுகிறது. ஓர் அரிசி மூட்டையை இரண்டு கைகளால் நிறுத்த யாரால் முடியும்?

1994-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி, அமெரிக்காவில் சார்லட் நகர் அருகே, புயல் மழையில் சிக்கி ஒரு விமானம் விழுந்தது. அதில் ஒன்பது மாதப் பெண் குழந்தை தாயின் மடியில் இருந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தகுந்த ஆசனத்தில் கட்டியிருந்தால் அது உயிர் தப்பியிருக்கக்கூடும் என்று விசாரணை செய்தவர்கள் எழுதினார்கள்.

விபத்துத்தான் வரவேண்டும் என்பதில்லை. நடுவானில் காற்றுக் கொந்தளிப்பில் விமானம் திடீரென்று தூக்கிப் போட்டாலே போதும்.

காபிப் பாத்திரத்துக்கு உள்ள மரியாதை

வேடிக்கை ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் கைக்குழந்தையைக் காரில் ஏற்ற வேண்டுமானால் அதற்கென்று உள்ள ஆசனத்தில் உட்கார வைத்துக் கட்ட வேண்டும். எல்லா மாகாணங்களிலும் இதுதான் சட்டம். மடியில் வைத்தால் அபராதம்! அதே குழந்தை விமான நிலையம் போய்ச் சேர்ந்து விமானத்தில் ஏறிவிட்டால், இரண்டு வயது நிரம்பும் வரை மடியில் வரலாம். விமானம் கிளம்பும்முன் கைப்பையை உள்ளே தள்ளச் சொல்கிறார்கள். காபிப் பாத்திரத்தைக்கூடத் தாழ் போட்டுப் பூட்டுகிறார்கள். குழந்தைக்கு மட்டும் கட்டு இல்லை!

இதை மாற்றச் சொல்லித்தான் ஜேன் பிரௌன் அதிகாரிகளிடம் மன்றாடினார். விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 1990-லேயே அதே சிபார்சைச் செய்தது. குழந்தை வைத்தியர்களின் அமெரிக்க சங்கமும் 2001-ல் அதையே சொன்னது. ஆனால் சட்டம் வரவில்லை.

சர்க்கார் தரப்பு நியாயம்

விமானப் போக்குவரத்து இலாகா கல் நெஞ்சு படைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் போடும் கணக்கு வேறு.

குழந்தைக்கும் தனி டிக்கெட் கட்டாயம் என்றால், கையில் காசு குறைந்த குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் புறப்படும். சாலை விபத்துகளோ ஆகாய விபத்துகளை விடப் பல மடங்கு அதிகம். விமானத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய், சாலையில் பல உயிர்களைப் பலி கொடுக்க நேரும் என்கிறார்கள். கட்டாய ஆசனத்தால் பிழைக்கக்கூடிய குழந்தைகள் சராசரியாக ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவே என்று 2003-ல் வைத்தியர்கள் சிலர் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2005-ல் இலாகா அந்த யோசனையைக் கைவிட்டது.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் சூ சிட்டியில் மகனைத் தேடிய தாய்க்கு 'ஒன்றுக்கும் குறைவு' என்பது ஒரு முழுப் பிள்ளை அல்லவா?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டாயம் வேண்டாம் என்ற அதே இலாகா, "குழந்தைக்குப் பத்திரமான இடம் மடி அல்ல, தகுந்த ஆசனமே" என்று பெற்றோருக்கு அழுத்தமாகப் புத்தி சொல்கிறது. ஆசனத்தின் நன்மையைப் பற்றி இரு தரப்பாருக்கும் சண்டை இல்லை. சட்டம் போடுவதைப் பற்றித்தான் சண்டை.

எப்படிக் கொண்டுபோவது?

பிள்ளை, பெண்ணைப் பார்க்கவும், பேரன் பேத்தியை அழைத்து வரவும் கடல் கடந்து போகிறவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். அவர்களுக்குச் சில விவரங்கள்:

காரில் வைக்கும் எல்லா ஆசனமும் விமானத்துக்கு ஆகாது. அமெரிக்காவில் விற்பவற்றில், மோட்டார் வாகனத்திலும் விமானத்திலும் உபயோகிக்கலாம் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும். அகலம் 16 அங்குலத்துக்கு உட்பட்டிருந்தால் பெரும்பாலான விமானங்களில் பொருந்தும். உயரத்துக்காக மட்டும் வைக்கும் முதுகில்லாத மணையைக் கிளம்பும்போதும் இறங்கும்போதும் உபயோகிக்கக் கூடாது.

ஆசனத்தை ஜன்னலோரம் வைப்பது நல்லது. அப்போதுதான் மற்றவர்கள் வெளியேற வழி மறியாது. அவசர வழி உள்ள வரிசையில் வைக்க விடமாட்டார்கள். ஒன்பது கிலோவுக்குக் குறைந்த குழந்தையைப் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வைக்க வேண்டும்.

சுமை தூக்க முடியாதவர்களுக்கு 'கேர்ஸ்' என்ற வார்ப்பட்டை இருக்கிறது. விமான ஆசனத்தின் முதுகில் மாட்டிக் குழந்தையின் தோள்களைக் கட்டுவது. அரைக் கிலோ எடைதான். 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கு ஏற்றது. 2006-ல் அமெரிக்க இலாகா இதை அங்கீகரித்தது.

தாயின் பெல்ட்டுடன் குழந்தையின் இடுப்பைச் சேர்த்துக் கட்டும் வளையப் பட்டையை ஐரோப்பாவிலும் நம் நாட்டு விமானங்களிலும் தருகிறார்கள். தூக்கிப் போட்டால் குழந்தை பறந்து போகாமல் அது தடுக்கும். ஆனால் மோதலின்போது தாயின் உடல் எடை முழுவதும் குழந்தை மேல் மடங்கி விழும் அபாயம் உண்டு. ஆகவே அமெரிக்காவில் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அதை அனுமதிப்பதில்லை.

தனி டிக்கெட்டுக்கு வசதி இல்லையா? ஆசனத்தைக் கையோடு வாசல் வரை கொண்டுபோய், பக்கத்து இடம் காலியாக இருந்தால் தரமுடியுமா என்று சிப்பந்திகளைக் கேட்கலாம். கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் புறப்பட்டால் கிடைக்கவும் கூடும். கம்பெனியின் விதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம்.

2024-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி, போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தில், 16,000 அடி உயரத்தில் பக்கச் சுவரின் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. ஓட்டையை ஒட்டிய ஆசனங்கள் நல்ல வேளையாகக் காலி. அந்த விமானத்திலும் மடியில் மூன்று பச்சைக் குழந்தைகள் இருந்தன. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் உயிர்ச் சேதமில்லை. அன்றும் விசாரணை வாரியத் தலைவி பெற்றோருக்குச் சொன்னது பழைய வார்த்தைதான்: குழந்தைக்கு ஓர் ஆசனம் வாங்குங்கள்.

விமானப் பிரயாணம் பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. லட்சக்கணக்கான குழந்தைகள் மடியிலேயே சுகமாகப் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் சூ சிட்டியில் அந்தத் தாய்க்குக் கிடைத்தது 44 நிமிஷம். அந்த 44 நிமிஷத்தில் ஓர் ஆசனத்தை எங்கிருந்தும் வரவழைக்க முடியவில்லை. அதை வீட்டிலிருந்து புறப்படும்போதே எடுத்துக்கொண்டு போகத்தான் முடியும்.