கணினி இசையில் கரகரப்பு ஏன்?

இசையைத் தாளில் மட்டுமே எழுதி வந்த காலம் மாறி, மடிக்கணினியில் எழுதும் காலம் வந்துவிட்டது. ஐந்து கோடுகளின் மேல் சுரக்குறிகளை வைத்துவிட்டால் போதும். கணினியே அவற்றை வாசித்துக் காட்டுகின்றது. இவ்வகை மென்பொருள்களுள் விலையின்றிக் கிடைப்பது மியூஸ்ஸ்கோர். 2002ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு வெர்னர் ஷ்வேர் என்பவரால் தொடங்கப்பெற்ற இதன் 4ஆம் பதிப்பு 2022 டிசம்பரில் வெளிவந்தது.

ஆனால், பாடற்குழுவுக்கென மூன்று குரல்களில் ஒரு பாட்டை அரும்பாடுபட்டு எழுதி, அதைக் கேட்க ஆவலோடு அமரும்போது, ‘கரகர’, ‘படபட’ என்ற ஓசை குறுக்கிடுவதுண்டு. தான் எழுதிய சுரங்களில்தான் பிழையோ என்று மாணவி மனம் சோர்கிறாள். கணினியே கெட்டுவிட்டது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். நம் வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கோ இராசபாளையத்துக்கோ பேருந்தேறி, புது ஸ்பீக்கருக்குப் பணம் கொடுத்து வந்த பின்னும் அதே கரகரப்புக் கேட்டால் என் செய்வது? ஆகவே, பணம் செலவழிக்குமுன் காரணத்தை அறிவது நலம்.

கணினி ஒலியை எவ்வாறு உண்டாக்குகிறது என்பதை முதற்கண் பார்ப்போம். ஒரு நொடி இசைக்கு அது பெரும்பாலும் 44,100 அல்லது 48,000 எண்களைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். இவ்வெண்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கும் இடத்திற்குப் பஃபர் என்று பெயர். நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். மோட்டார் சற்று நின்றாலும், தொட்டியில் நீர் இருக்கும்வரை குழாயில் தடையின்றி வரும். தொட்டி மிகச் சிறியதாயின், மோட்டார் சிறிது தாமதித்தாலே குழாய் ‘புஸ் புஸ்’ என்று காற்றைத் துப்பும். கணினியின் கரகரப்பும் பெரும்பாலும் இத்தகையதே. எண்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள்.

எனினும் எல்லாக் கரகரப்பும் ஒன்றல்ல. இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதிய இசையை ஒலிக்கோப்பாக ஏற்றுமதி செய்து, பாட்டுக் கேட்கும் சாதாரண மென்பொருளில் வாசிக்கச் செய்யுங்கள். கோப்பாக மாற்றும்போது கணினிக்கு அவசரம் இல்லை, நிதானமாகக் கணக்கிடும். எனவே மூன்று விடைகளுள் ஒன்று கிடைக்கும்.

முதலாவது, கோப்பு தெளிவாக ஒலித்தால், வாசிக்கும்போது கணினிக்கு நேரம் போதவில்லை என்று தெளியலாம். மென்பொருளின் விருப்பங்கள் பகுதியில் ஒலி அமைப்பைத் திறந்து பஃபர் அளவைக் கூட்டுங்கள். 48,000 என்ற வேகத்தில் 256 என்ற அளவு ஏறத்தாழ 5 மில்லிநொடிக்கே போதும்; 2,048 என்ற அளவு 43 மில்லிநொடிக்குத் தாங்கும். அளவைக் கூட்டினால் ஒலி சற்றுத் தாமதித்து வரும். கீபோர்டை இணைத்து வாசிப்போர் இதை உணர்வர். எழுதியதைக் கேட்பவருக்கோ இதனால் தீங்கில்லை. அடுத்து, இணைய உலாவி முதலிய பிற வேலைகளை மூடுங்கள். மியூஸ் சவுண்ட்ஸ் என்னும் பெரிய ஒலித்தொகுப்பு பழைய கணினிக்குப் பெருஞ்சுமை, மிக்ஸரில் எம்.எஸ். பேசிக் என்ற சிறிய தொகுப்பைத் தேர்ந்தால் சுமை குறையும். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகளை இன்றும் வைத்திருப்போர், இலேசான 3ஆம் பதிப்பைப் பயன்படுத்துவது நன்று. பாட்டரியில் ஓடும்போது மட்டும் கரகரத்தால், மின்சிக்கன அமைப்பு கணினியின் வேகத்தைக் குறைக்கிறது என்று அறிக. சிறிது நேரம் ஓடிய பிறகே கரகரத்தால் வெப்பமே காரணமாகலாம். சூடேறிய கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தலையணையின் மேல் வைத்துக் காற்றுத் துளைகளை மூடலாகாது.

இரண்டாவது, கோப்பிலும் பலத்த இடங்களில் மட்டும், ஒவ்வொரு முறையும் அதே சுரத்தில் கரகரத்தால், ஒலி அளவு எல்லை மீறிவிட்டது எனலாம். குரல்கள் பல சேரும்போது அவற்றின் கூட்டு, கணினி ஏற்கும் உச்ச எண்ணைத் தாண்டுகிறது. தாண்டிய பகுதி வெட்டுண்டு போகிறது. மிக்ஸரில் ஒலியைக் குறைத்தால் போதும்.

மூன்றாவது, எந்தப் பாட்டைக் கேட்டாலும் கரகரத்தால், இசை மென்பொருளின் மேல் குற்றமில்லை. வேறொரு ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். புளூடூத் கருவியாயின் கம்பியுள்ளதைக் கொண்டு சோதியுங்கள். வைஃபையைச் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். அதன் டிரைவர் சில வேளைகளில் ஒலியின் வழியை மறிப்பதுண்டு. லேட்டன்சிமான் என்னும் மென்பொருள், எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று விண்டோஸ் கணினியில் காட்டும். சார்ஜரை மாட்டியபோது மட்டும் ‘ஊம்’ என்ற இரைச்சல் வந்தால் மின்சாரத்தின் எர்த் இணைப்பை ஐயுற வேண்டும். அதை எலக்ட்ரீஷியனே பார்க்க வேண்டும்; நாம் தொடலாகாது. இத்தனையும் பார்த்த பின்னும், எந்த ஹெட்போனிலும் தெளிவாயிருந்து, கணினியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால், அப்போது கடைக்குச் செல்வதில் பொருளுண்டு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, பயனை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு மாற்றங்களை ஒருங்கே செய்தால், கரகரப்பு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. மறுமுறை வந்தால் மீண்டும் இருட்டில் தேட நேரிடும்.

நம் தென்காசி மாவட்டத்துச் சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், சுருதிகள் எத்தனை என்ற வினாவுக்குப் பிறர் கூறிய விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தாமே கணக்கிட்டு ஆராய்ந்து, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். இசைக்குச் செவி வேண்டும். செவி கேட்டதன் காரணத்தைத் தேடும் அறிவும் வேண்டும். தோழியரே, கரகரப்புக் கேட்டவுடன் எழுதிய பாட்டை அழித்துவிடாதீர்கள். சோதித்துப் பாருங்கள், பாட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.