எலும்புகள் சொன்ன சாட்சி

மனித உடலில் எத்தனை எலும்புகள் என்று கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்தும் 206 என்று பதில் வரும். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 என்று நான் சொன்னதும், "மீதி எங்கே சார் போச்சு?" என்பார்கள். எங்கும் போகவில்லை, பல எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. எந்த எலும்பு எந்த வயதில் இணைகிறது என்பதை வைத்து, இறந்தவரின் வயதைக் கணிக்கும் துறை ஒன்று உண்டு. அதுதான் தடய மானிடவியல்.

இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது அர்ஜென்டினாவை. 1976 முதல் 1983 வரை அங்கே இராணுவ ஆட்சி. பிடித்துச் செல்லப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. பலர் பெயரில்லாத குழிகளில் புதைக்கப்பட்டார்கள். மக்களாட்சி வந்ததும் குழிகளைத் தோண்டினார்கள், ஆனால் புல்டோசரால்! எலும்புகள் நொறுங்கின, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது. நல்ல எண்ணத்தோடு அழிக்கப்பட்ட சாட்சியம் என்றே இதைச் சொல்வேன்.

1984இல் அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்நோ அங்கே சென்றார். உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, தொல்லியலார்போலச் சிறு கரண்டியும் தூரிகையுமாகத் தோண்டக் கற்றுக்கொடுத்தார். இடுப்பெலும்பின் அமைப்பு ஆணா பெண்ணா என்று காட்டும். தொடையெலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். காறை எலும்பின் மார்புப்பக்க முனை இருபதுகளில்தான் இணைந்து முடியும். இணையவே தொடங்கவில்லை என்றால் இறந்தவர் இளவயதினர். பல் மருத்துவரின் பதிவோ பழைய முறிவின் எக்ஸ்ரேயோ கிடைத்தால் ஆளையே அடையாளம் காணலாம்.

மாணவர்கள் வாய்பிளந்து கேட்பது அடுத்த செய்தியைத்தான். குண்டு மண்டையோட்டில் நுழையும் துளை உட்புறமாக அகன்றிருக்கும். வெளியேறும் துளை வெளிப்புறமாக அகன்றிருக்கும். ஆக, குண்டு எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது எலும்பிலேயே பதிவாகிவிடுகிறது. 'மோதலில் இறந்தார்கள்' என்று இராணுவம் சொன்ன பலரின் கதை இப்படித்தான் கலைந்தது. 1985இல் இராணுவத் தலைவர்கள் மீது நடந்த வழக்கில் ஸ்நோ நேரில் சாட்சி சொன்னார்.

இருந்தாலும் எலும்பு வயதையும் உயரத்தையும் சொல்லுமே தவிர, பெயரைச் சொல்லாது. பெயருக்கு உறவினர்கள் வேண்டும். பிற்காலத்தில் டி.என்.ஏ. சோதனை வந்தபோது, ஸ்நோவிடம் படித்த அந்த மாணவர்களின் குழு காணாமல் போனவர்களின் உறவினர்களிடம் இரத்த மாதிரி சேகரித்தது. பல நாடுகளுக்குச் சென்று உதவிய அந்தக் குழு, தன் ஊரிலும் மீட்ட எலும்புகளைக் குடும்பங்களிடம் ஒப்படைத்துவருகிறது.