அலறத் தெரியாத ஆபத்து

‘ராட்சசன்’ படத்தை ராத்திரி 11 மணிக்குத் தனியாக உட்கார்ந்து பார்த்தது என் தப்புதான். படம் முடிந்ததும் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். மொட்டைமாடிக் கதவையும் விடவில்லை. காலையில் காபி போடப் போனால், சிலிண்டர் ரெகுலேட்டர் ராத்திரி முழுக்க மூடப்படாமலே இருந்திருக்கிறது. கொல்லைக்குப் போகும் வழி அடுப்படிதான். மூன்று தடவையும் அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன்.

பயம் என்னைக் கதவுக்கு விரட்டியது, அடுப்புக்கு விரட்டவில்லை. ஏன் என்று யோசித்தால், விடையில் பாதி வயலினில் இருக்கிறது.

1960-ல் வந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயலின்களைக் கிறீச்சிட வைத்து ஒரு துண்டு எழுதிப் போட்டுக்காட்டினார். ஹிட்ச்காக் மனம் மாறினார். அந்தக் காட்சியில் கொலையுண்டவராக நடித்த ஜேனட் லீ, படத்தைத் திரையில் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதையே விட்டுவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். அங்கே ஓடியது ரத்தமல்ல, சாக்லேட் பாகு என்பது அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அந்தக் கிறீச்சுக்கு ஏன் இத்தனை பலம்? அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் மார்மட் என்றொரு பிராணி உண்டு. அணில் குடும்பம்தான், ஆனால் பூனை அளவுக்குக் கொழுத்தது. அதன் குட்டியைப் பிடித்தால் போடும் அலறலைக் கேட்டு அதிர்ந்துபோன டேனியல் புளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர், அந்த ஒலியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆராய்ந்தார். தொண்டைக்குள் காற்று அளவுக்கு மீறிப் பாயும்போது குரல்நாண்களால் சீராக அதிர முடியாது. சுருதி திடீரென்று எகிறும், கரகரப்பு ஏறும், ஒலி உடையும். கைக்குழந்தை வீறிடுவதும் இப்படித்தான். பிறகு அவரும் சகாக்களும் 102 திரைப்படங்களின் ஒலித்தடங்களைப் பிரித்துப் பார்த்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். படம் எடுப்பவர்கள், இந்த அறிவியலெல்லாம் படிக்காமலே, அதே உடைந்த ஒலியைக் கொண்டு நம் உணர்ச்சியைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். ஹெர்மனின் வயலின்கள் செய்ததும் அதுதான். நம் காது அதை வாத்தியமாகக் கேட்கவில்லை. யாரோ கடிபடுகிற சத்தமாகக் கேட்கிறது.

உடம்பும் அதை நம்பிவிடுகிறது. 2015-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் 24 இளைஞர்களுக்கு ‘இன்சிடியஸ்’ பேய்ப்படத்தையும், ஷாம்பெய்ன் தயாரிப்பு பற்றிய சாதுவான ஓர் ஆவணப்படத்தையும் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பேய்ப்படம் பார்த்தபோது, ரத்தம் உறைய உதவும் ‘காரணி 8’ என்ற புரதம் பாதிக்கும் சற்று மேற்பட்டோருக்குக் கூடியிருந்தது. ஆனால் ரத்தம் உறையத் தொடங்கிவிடவில்லை. ‘ரத்தத்தை உறையவைக்கும் படம்’ என்று போஸ்டர் அடிப்பவர்களுக்குப் பாதி மார்க் கொடுக்கலாம்.

இத்தனை ஏற்பாடும் பல்லும் நகமும் உள்ள எதிரிக்காக உருவானது. சத்தமே போடாத எதிரி வந்தால்?

2002-ல் வந்த ‘பேனிக் ரூம்’ படத்தில், இரும்பு அறைக்குள் ஒளிந்திருக்கும் தாயையும் மகளையும் வெளியே வரவழைக்கத் திருடர்கள் காற்றுக்குழாய் வழியே புரொபேன் வாயுவை ஏற்றுகிறார்கள். நம் வீட்டு சிலிண்டரிலும் புரொபேனும் பியூட்டேனும்தான். இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர்போலத் தரையோடு பரவும், மூலையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். நிறம் கிடையாது, சுத்தமான நிலையில் சொல்லும்படியான வாசனையும் கிடையாது.

வாசனை இல்லாததன் விலையை 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊர் கொடுத்தது. பள்ளிக்கூடத்தின் தரைக்கு அடியில் கசிந்து தேங்கியிருந்த இயற்கை எரிவாயு வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் கலப்பது சட்டமாயிற்று. நாம் ‘கேஸ் நாத்தம்’ என்று மூக்கைப் பொத்துகிறோமே, அது கேஸின் நாற்றமல்ல. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஊமைக் காட்சிக்கு ஹெர்மன் வயலின் சேர்த்தார் என்றால், ஊமை வாயுவுக்கு வேதியியலாளர்கள் இதைச் சேர்த்தார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. அலறலுக்குக் காது அவ்வளவு சீக்கிரம் பழகிவிடாது. மூக்கோ சில நிமிடங்களில் நாற்றத்துக்குப் பழகிவிடும். ‘முதலில் அடித்தது, இப்போது இல்லை’ என்று வீட்டுக்குள்ளேயே இருப்பவர் சொன்னால் நம்பக்கூடாது. வெளியிலிருந்து வருபவரின் மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

நாற்றம் அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். எந்த சுவிட்சையும் தொடக்கூடாது: போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. புகைபோக்கி விசிறியைப் போட்டு வாயுவை விரட்டலாம் என்று தோன்றும். அதன் சுவிட்சிலும் பொறி உண்டு.

இந்த இடத்தில் எனக்கு 1967-ல் வந்த ‘வெயிட் அன்டில் டார்க்’ ஞாபகம் வரும். பார்வையற்ற பெண்ணாக ஆட்ரி ஹெப்பர்ன். கொலைகாரன் வீட்டுக்குள் வரப்போகிறான் என்று தெரிந்ததும் ஒவ்வொரு விளக்காக உடைத்து வீட்டையே இருட்டாக்குகிறாள். இருட்டில் அவள்தானே ராணி. ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறாள்: பிரிட்ஜ். அவன் அதன் கதவைத் திறக்கிறான், வெளிச்சம் பாய்கிறது.

கேஸ் கசியும் வீட்டிலும் பிரிட்ஜை மறந்துவிடுவது சுலபம். நாம் சுவிட்சைத் தொடாமல் நிற்கலாம். பிரிட்ஜ் யாரையும் கேட்காமல், குளிர் குறைந்ததும் தானாக ‘டிக்’ என்று ஓடத் தொடங்கும். அந்த டிக்கில் ஒரு சின்னப் பொறி இருக்கக்கூடும். அதனால்தான் மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அங்கே போய் அணைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் மெயின் வாசல் பக்கம், மீட்டர் பெட்டியோடு இருக்கிறது. பிரிட்ஜ், சிலிண்டருக்கு இரண்டடி தள்ளி இருந்தது. போன வாரம்தான் அதைக் கூடத்துக்கு மாற்றினோம்.