செல்போனில் மோட்டார் போடலாம்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, அடுத்து என்ன? ஏலாக்குறிச்சி போன்ற கொள்ளிடக்கரை ஊர்களில் வயல் வைத்திருப்போருக்கு நான் சொல்வது மொபைல் ஸ்டார்ட்டர்.

பம்புசெட் ஸ்டார்ட்டருடன் இணைக்கும் சிறு பெட்டி இது. உள்ளே சிம் கார்டு இருக்கும். வெளியூரிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்தாலும் மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் பாம்புக்குப் பயந்தபடி வரப்பில் நடக்க வேண்டாம்.

வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள். பதிவு செய்த எண்களுக்கு மட்டுமே இயங்குமா? தண்ணீர் வற்றினால் தானே நிற்குமா? 4ஜி கருவியா? 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. வயலில் சிக்னலையும் சோதியுங்கள். ரீசார்ஜ் தேதியைக் கம்ப்யூட்டரில் குறித்து வையுங்கள். சிம் காலாவதியானால் பெட்டியும் பேசாது.

இக்கருவிக்குத் தமிழக அரசு வேளாண் பட்ஜெட்டில் மானியம் அறிவித்தது. வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.