கூட்டு முறியும்போது

கூட்டாளியோடு ஒத்துவரலைன்னா நிர்வாகிகள் என்ன செய்வாங்க? நலிகிற நிறுவனங்களைப் பற்றி 1970-ல் எழுதிய ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் மூன்று வழி சொன்னார்: விலகுவது, குரல் கொடுப்பது, பொறுத்துப்போவது. கூட்டுத்தொழிலுக்கும் இது பொருந்தும். ஆனா மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எங்க அவனியாபுரத்துல டிவிஎஸ் வண்டி நிற்காத தெரு கிடையாது. மதுரையில் 1911-ல் தொடங்கிய குழுமமாச்சே! பழைய வண்டிகளில் கூடவே 'சுசுகி' பெயரும் இருக்கும். 2001-ல் இரு தரப்பும் பிரிந்தன. சுசுகியின் சுமார் 26 சதவீதப் பங்கை வேணு சீனிவாசன் தரப்பே வாங்கிக்கொண்டது. அதே வருஷம், சொந்தமாக வடிவமைத்த விக்டர் பைக்கும் சந்தைக்கு வந்தது.

ஒரு பைக்கை உருவாக்க வருஷக்கணக்காகும். அப்படின்னா, கூட்டு நீடித்தபோதே விலகலுக்கான தெம்பும் தயாராகிக்கிட்டு இருந்திருக்கு. அதனாலதான் பிரிவு சண்டையாக முடியவில்லை; பழைய மாடல்களுக்கான உரிமம் 30 மாதம் தொடர்ந்தது.